உடைப்பதற்கு முன்னும் பின்னும்

1979. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், ஜோன் ஸ்டைட்ஸின் ஆய்வகத்தில், மைக்கேல் லெர்னர் என்ற மருத்துவ மாணவர் லூபஸ் நோயாளிகளின் ரத்தச் சீரத்தை வைத்து ஒரு சோதனை செய்துகொண்டிருந்தார். லூபஸ் வந்தவர்களின் உடல் தன் செல்களின் உறுப்புகளையே அந்நியமாக எண்ணி எதிர்ப்பொருள்களை உண்டாக்கும். அந்த எதிர்ப்பொருள்கள் எதைப் பிடிக்கின்றன என்று பார்த்தால், செல்லுக்குள் அதுவரை யாரும் சரியாகக் காணாத ஒன்று அகப்படலாம் என்பது அவர்களின் எண்ணம். செல்களை உடைத்தார்கள். அந்தச் சாற்றில் சீரத்தைக் கலந்து, எதிர்ப்பொருள் பற்றியதை மட்டும் பிரித்தெடுத்தார்கள். வந்தது ஒரு புரதக் கூட்டம், அதோடு ஒட்டியபடி யு1, யு2 போன்ற சிறிய ஆர்என்ஏக்கள். மரபணுவின் நகலிலிருந்து வேண்டாத துண்டுகளை வெட்டியெறிந்து வேண்டியவற்றை இணைக்கும் வேலையில் இவற்றுக்குப் பங்கு இருக்க வேண்டும் என்று அடுத்த ஆண்டே எழுதினார்கள். இன்று அது பாடநூல் செய்தி.

புரதத்தைப் பிடி, அதோடு வரும் ஆர்என்ஏவைப் பார். இந்த எளிய உத்திதான் அடுத்த கால் நூற்றாண்டு முழுவதும் நடந்தது. செல்லுக்குள் எந்தப் புரதம் எந்த ஆர்என்ஏவைத் தொடுகிறது என்ற கேள்விக்கு வேறு எளிய வழி இல்லை. லெர்னரும் ஸ்டைட்ஸும் கண்டது உண்மை என்பதைப் பிறகு வந்த எத்தனையோ சோதனைகள் உறுதி செய்தன. அவர்களுக்கு உத்தி கைகொடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதைக் கவனிக்காமல்தான் பின்னால் வந்த பலர் சிக்கினார்கள். யு1 போன்ற ஆர்என்ஏவைப் பிடித்திருக்கும் எஸ்எம் புரதங்கள் ஏழு. அவை ஆர்என்ஏவைச் சுற்றி வளையமாகப் பூட்டிக்கொண்டிருப்பவை. உப்பு நீரில் கழுவினாலும் எளிதில் கழலாது. செல்லை உடைத்த பின்னும் உள்ளே இருந்த நிலை அப்படியே நின்றது.

எல்லாப் புரதங்களும் அப்படிப் பிடிப்பதில்லை. பெரும்பாலானவை தொட்டு விலகும், மறுபடி தொடும். ஒரே ஆர்என்ஏ இழையில் பல புரதங்கள் இடம் பிடிக்கப் போட்டியிடும். எந்த நேரத்தில் எது இருக்கிறது என்பது செல்லின் நிலையைப் பொறுத்தது. பூட்டப்பட்ட ஜோடிகளுக்கு ஏற்ற முறையை இப்படிப்பட்ட உறவுகள் மீதும் அப்படியே பயன்படுத்தத் தொடங்கியபோது தவறு மெல்ல உள்ளே நுழைந்தது.

2000இல் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜாக் கீனின் குழு இந்த உத்தியோடு மரபணுச் சில்லுகளை இணைத்தது. ஒரு புரதத்தோடு வரும் ஆர்என்ஏக்களை ஒவ்வொன்றாகத் தேடாமல் ஒரே வீச்சில் பட்டியலிட முடிந்தது. ரிப் என்று பெயர் பெற்ற அந்த முறை வேகமாகப் பரவியது. அடுத்த சில ஆண்டுகளில் கட்டுரைக்குக் கட்டுரை பட்டியல்கள் வந்தன.

செல்லை உடைக்கும்போது என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். உயிருள்ள செல்லில் உட்கருவுக்கு ஒரு சுவர் இருக்கிறது. உட்கருவுக்குள்ளேயும் தனித்தனி வட்டாரங்கள் உண்டு. ஒரு புரதம் உட்கருவிலும், அதன் ‘இலக்கு’ என்று நாம் சொல்லும் ஆர்என்ஏ வெளியே சைட்டோபிளாசத்திலுமாக வாழ்நாள் முழுவதும் சந்திக்காமலே இருக்கலாம். சோப்புக் கரைசல் ஊற்றியதும் அந்தச் சுவர்கள் போய்விடுகின்றன. ஆர்என்ஏ முழுவதும் எதிர் மின்னூட்டம் கொண்டது. ஆர்என்ஏவைத் தொடும் புரதங்களில் நேர் மின்னூட்டம் கொண்ட பகுதிகள் ஏராளம். போதாததற்கு, செல்லில் இருக்கும் ஆர்என்ஏவில் சுமார் ஐந்தில் நான்கு பங்கு ரைபோசோம் ஆர்என்ஏதான். எதைப் பிடித்தாலும் அது கூட வரும். இந்தக் கலவை குளிர் அறையில் 4 டிகிரியில், பீட்ஸ் எனப்படும் நுண்மணிகளோடு மணிக்கணக்கில் சுழல்கிறது. கல்யாண மண்டபத்தின் சுவர் இடிந்து எல்லோரும் தெருவுக்கு ஓடிவந்த பின் எடுத்த படத்தை வைத்து, யாருக்கு யார் உறவு என்று சொல்வதைப் போன்றது இது. சிலர் உண்மையாகவே உறவினர். சிலர் பயத்தில் பக்கத்தில் நின்றவரின் கையைப் பிடித்தவர்கள். படத்தில் இருவரும் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள்.

இந்தச் சந்தேகத்தை நேரடியாகச் சோதித்தவர் வேறு யாருமல்ல, ஸ்டைட்ஸ்தான். 2004இல் அவரும் ஸ்டாவ்ரூலா மிலியும் வெளியிட்ட கட்டுரையின் சோதனை அத்தனை எளிமையானது. ஒரு தொகுதிச் செல்களில் ஹு-ஆர் என்ற புரதம் அடையாளக் குறியோடு இருந்தது, அதன் இலக்கான சி-ஃபாஸ் ஆர்என்ஏ இல்லை. இன்னொரு தொகுதியில் அந்த ஆர்என்ஏ இருந்தது, குறியிட்ட புரதம் இல்லை. உயிருள்ள நிலையில் இவை சந்திக்க வழியே கிடையாது. இரண்டையும் உடைத்துக் கலந்து புரதத்தைப் பிடித்தபோது, ஆர்என்ஏவும் சேர்ந்து வந்தது. சந்திப்பு சோதனைக்குழாயில் நடந்திருந்தது. எட்டு ஆண்டுகள் கழித்து, 2012இல், மைக்ரோ ஆர்என்ஏ எனப்படும் மிகச் சிறிய ஆர்என்ஏக்களையும் அவற்றைப் பிடித்திருக்கும் ஆர்கோனாட் புரதங்களையும் வைத்து அதே ஆய்வகம் இதையே மறுபடி காட்டியது. தன் கையால் புகழ்பெற்ற ஒரு முறையின் பலவீனத்தைத் தானே அளந்து அச்சில் வைத்ததை, அவருடைய 1979 கண்டுபிடிப்புக்குச் சமமான பணியாகவே நான் மதிக்கிறேன்.

ஹு-ஆரும் சி-ஃபாஸும் போலி ஜோடி அல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அந்தப் புரதம் அந்த ஆர்என்ஏவின் வரிசையை உண்மையாகவே விரும்பும். அதனால்தான் இந்தப் பிழை ஆபத்தானது. குழாய்க்குள் சேர்ந்த ஜோடி எப்போதும் அர்த்தமற்ற குப்பையாக இருக்காது. பொருத்தமான வரிசையோடு, நம்பத்தக்க முகத்தோடு வரும். ‘இதற்கு அதைப் பிடிக்கும் திறன் உண்டு’ என்பது ஒரு செய்தி. ‘இந்த செல்லில், இந்த வேளையில், பிடித்திருந்தது’ என்பது வேறு செய்தி.

இந்த இரண்டையும் பிரிக்க வந்தது ஒரு விளக்கு. 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர் பட்டால், ஆர்என்ஏவும் அதை அந்த நொடியில் தொட்டுக்கொண்டிருக்கும் புரதமும் வேதிப் பிணைப்பால் நிரந்தரமாக இணைந்துவிடும். தொடாமல் அருகில் இருப்பவை இணையாது. 1980களில் கிடியன் டிரைஃபஸ் போன்றவர்கள் உயிருள்ள செல்களிலேயே இதைச் செய்து காட்டினார்கள். செல் உடையும் முன்பே உறவு பதிவாகிவிட்டால், பிறகு எவ்வளவு கடுமையாகவும் கழுவலாம்.

2003இல் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டார்னெலின் ஆய்வகத்தில் ஜெர்னி ஊல், கர்க் ஜென்சன் ஆகியோர் இந்த விளக்கை மையமாக வைத்து கிளிப் என்ற முறையை உருவாக்கினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட புரதம் நோவா. அதுவும் நோயாளிகளின் சீரம் காட்டிக்கொடுத்த புரதம்தான். புற்றுநோயோடு சேர்ந்து வரும் அரிய நரம்புக் கோளாறு ஒன்றில், உடல் நோவாவுக்கு எதிராக எதிர்ப்பொருள் தயாரிக்கிறது. சுண்டெலியின் மூளைத் திசுவில் கதிர் பாய்ச்சி, ஆர்என்ஏவை நொதியால் சிறு துண்டுகளாக நறுக்கி, நோவாவைப் பிடித்து, அதோடு பிணைந்த துண்டுகளின் வரிசையைப் படித்தார்கள். கிடைத்தவை 340 துண்டுகள். இன்றைய கணக்கில் மிகச் சொற்பம். ஆனால் அவற்றில் நோவா விரும்பும் சிறு வரிசை மறுபடி மறுபடி வந்தது. அவை குறித்த மரபணுக்களில் பல நரம்புச் சந்திப்புகளில் வேலை செய்பவை. நோவா இல்லாத சுண்டெலிகளில் அந்த மரபணுக்கள் சிலவற்றின் நகல்கள் வேறு விதமாக வெட்டப்பட்டன.

அந்த முதல் கிளிப் முறையில் ஒரு படி இருந்தது, அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஆர்என்ஏ துண்டுகளுக்குக் கதிரியக்கப் பாஸ்பரஸால் அடையாளம் இடுவார்கள். புரதத்தை ஜெல்லில் ஓட்டி, நைட்ரோசெல்லுலோஸ் தாளுக்கு மாற்றி, எக்ஸ்ரே படலத்தில் படம் எடுப்பார்கள். தனியாக அலையும் ஆர்என்ஏ அந்தத் தாளில் பெரும்பாலும் ஒட்டாது. புரதத்தோடு பிணைந்தது மட்டும் தங்கும். நறுக்கும் நொதியை அதிகம் போட்டால் ஆர்என்ஏ மிகக் குட்டையாகி, புரதத்தின் அளவுக்குச் சற்று மேலே ஒரே கோடாகத் தெரியும். குறைவாகப் போட்டால் அதே கோடு மேல்நோக்கிப் புகைபோலப் பரவும். கோடு வேறு இடத்தில் வந்தால், பிடிபட்டது வேறு புரதம். கதிர் பாய்ச்சாத செல்லிலும் கோடு தெரிந்தால், கழுவியது போதவில்லை. இந்த ஒரு படம், வரிசை படிக்கும் கருவிக்குப் போகும் முன்பே, சோதனை தேறியதா தோற்றதா என்று சொல்லிவிடும். எவ்வளவு ஆர்என்ஏ உண்மையில் பிடிபட்டது என்றும் அதில் தெரியும்.

விளக்கும் குற்றமற்றதல்ல. அது நூற்றில் சில பங்குத் தொடர்புகளைத்தான் பிணைக்கும். ஆர்என்ஏவின் நான்கு எழுத்துகளில் யுரிடினை அது அதிகம் விரும்பும். ஆகவே ஒரு புரதத்தின் பட்டியலில் யுரிடின் மிகுந்த வரிசைகள் நிறைந்திருந்தால், அது புரதத்தின் விருப்பமா, விளக்கின் விருப்பமா என்று கேட்டே ஆகவேண்டும். இரட்டை இழை ஆர்என்ஏவைப் பிடிக்கும் புரதங்கள் இந்தக் கதிரில் சரியாகப் பிணைவதில்லை. அவை பட்டியலில் இல்லையென்றால், தொடவில்லை என்று பொருளாகாது. ஃபார்மால்டிஹைடு போட்டால் பிணைப்பு அதிகம் கிடைக்கும், ஆனால் அது புரதத்தையும் புரதத்தையும் சேர்த்துப் பிணைத்துவிடும். அப்போது ஆர்என்ஏவைத் தொடாத ஒருவரும், தொட்டவரின் தோள்வழியே பட்டியலுக்குள் வந்துவிடுவார்.

2010இல் டாமஸ் டுஷ்லின் குழு வேறு வழி பார்த்தது. செல்களுக்கு 4-தயோயுரிடின் ஊட்டி, 365 நானோமீட்டர் கதிரால் பிணைத்தார்கள். பிணைந்த இடத்தில் வரிசை படிக்கும்போது ஓர் எழுத்து மாறி வரும். அந்த மாற்றமே தொட்ட இடத்தின் கையெழுத்து. அழகான யோசனை. ஆனால் இந்த ஊட்டமே அளவு கூடினால் செல்லின் ரைபோசோம் ஆர்என்ஏ உற்பத்தியைக் குலைக்கிறது என்று பின்னர் தெரிந்தது. இயல்பான செல்லைப் பார்க்கப் போய், நாமே வருத்திய செல்லைப் பார்த்தால் என்ன பயன்?

அதே ஆண்டில் ஊல், கேம்பிரிட்ஜுக்கு வந்த பிறகு, தன் பழைய முறையின் ஒரு குறையையே கருவியாக மாற்றினார். பிணைப்பைப் பிரிக்கப் புரதத்தைச் செரித்தாலும், தொட்ட இடத்தில் அதன் சிறு எச்சம் ஆர்என்ஏவில் ஒட்டியே நிற்கும். நகலெடுக்கும் நொதி அங்கே வந்து முட்டி நின்றுவிடும். பழைய கிளிப் முறையில் அப்படி நின்றுபோன நகல்கள் தொலைந்தன, அவைதான் பெரும்பான்மை. ஐகிளிப் அவற்றைக் காப்பாற்றியது. நகல் எங்கே நின்றதோ அதற்கு ஓர் எழுத்து முன்னால்தான் புரதம் தொட்டிருந்தது. இன்னொன்றையும் சேர்த்தார்கள்: பிசிஆர் பெருக்கத்துக்கு முன் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு குறி. ஒரே துண்டு ஆயிரம் முறை பெருகி, ஆயிரம் சாட்சிகளைப் போலத் தோன்றும் ஏமாற்று அதோடு குறைந்தது.

இன்றைய நிலை அளவில் வேறொரு உலகம். ஜீன் இயோவின் குழு 2016இல் வெளியிட்ட ஈகிளிப் முறையைக் கொண்டு, என்கோட் கூட்டமைப்பு 2020இல் 150 புரதங்களுக்கு 223 தொகுதித் தரவுகளை வெளியிட்டது. ரத்தப் புற்றுநோயிலிருந்து வந்த கே562, கல்லீரல் கட்டியிலிருந்து வந்த ஹெப்ஜி2 ஆகிய இரண்டு செல்வகைகளில் மட்டும் செய்த வேலை இது. ஈகிளிப்பில் ஒரு நல்ல பழக்கம் வந்தது. பிடிப்பதற்கு முந்தைய சாற்றின் ஒரு பங்கை அதே ஜெல்லில் அதே அளவு இடத்தில் வெட்டி, அதையும் படித்து ஒப்பிடுவது. செல்லில் ஏராளமாக இருக்கும் ஆர்என்ஏ, ஏராளமாக இருப்பதாலேயே ‘பிடிக்கப்பட்டது’ போலத் தோன்றுவதை இது வெகுவாகக் கட்டுப்படுத்தியது.

ஆனால் வேகத்துக்காக ஒன்றை விட்டார்கள்: அந்தக் கதிரியக்கப் படத்தை. கதிரியக்கத்தைக் கையாளும் சிரமம் பெரிது, 150 புரதங்களுக்கு அதைச் செய்வது எளிதல்ல என்பது புரிகிறது. ஆனாலும் இதை இழப்பாகவே கருதுகிறேன். ஒரு புரதம் ஆர்என்ஏவைத் தொடவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். மணிகளில் ஒட்டிவந்த சிறு அளவு ஆர்என்ஏ இருக்கும். பிசிஆர் அதைப் பெருக்கும். கருவி கேட்கும் அளவு நிறையும் வரை பெருக்கும். கடைசியில் கணினித் திரையில் வரும் மேடுபள்ளங்கள், உண்மையாகப் பிடித்த புரதத்தின் மேடுபள்ளங்களைப் போலவே இருக்கும். விகிதத்தை மட்டும் காட்டும் படத்தில், மொத்தமாகக் கிடைத்தது ஒரு துளியா ஒரு குடமா என்று தெரியாது. அதே 2016இல் பால் கவாரியின் ஆய்வகம் கதிரியக்கத்துக்குப் பதில் அகச்சிவப்புச் சாயம் போட்டு அந்தப் படத்தை எடுக்கும் வழியைக் காட்டியது. வழி இருக்கும்போது அதை எடுக்காமல் விடுவதற்குக் காரணம் குறைவு.

இவ்வளவு எச்சரிக்கையும் கைவசம் இருந்தும் ஒரு பெரிய கதை பல ஆண்டுகள் கிட்டத்தட்ட தடையின்றி வளர்ந்தது. பிஆர்சி2 என்பது மரபணுக்களை அமைதியாக்கும் ஒரு புரதக் கூட்டம். அதற்கு டிஎன்ஏவில் எங்கே போய் உட்கார வேண்டும் என்று யார் வழிகாட்டுகிறார்கள் என்பது நீண்ட நாள் கேள்வி. 2007இல் ஹாட்ஏர் என்ற நீள ஆர்என்ஏ பிஆர்சி2வைப் பிடிக்கிறது என்று ஜான் ரின், ஹோவர்ட் சாங் குழு எழுதியது. 2008இல் ஜெனி லீயின் ஆய்வகம், பெண் செல்களில் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்றை அணைக்கும் எக்ஸிஸ்ட் ஆர்என்ஏவும் அப்படியே செய்கிறது என்றது. 2009இல் ஒரு கட்டுரை, ஆய்வு செய்த நீள ஆர்என்ஏக்களில் ஏறத்தாழ 20 விழுக்காடு பிஆர்சி2வோடு வருகின்றன என்றது. 2010இல் சுண்டெலிக் கருச் செல்களில் அந்த எண்ணிக்கை 9,000ஐத் தாண்டியது. புரதம் தொழிலாளி, ஆர்என்ஏ அதற்கு முகவரி சொல்பவர் என்ற இந்தப் படம் விளக்குவதற்கு எளிது, கவர்ச்சியானதும்கூட. எத்தனையோ ஆய்வுத் திட்டங்கள் அதன் மேல் எழுந்தன.

9,000 என்ற எண்ணைப் பார்த்ததும் ஒரு கேள்வி வந்திருக்க வேண்டும்: இத்தனை பேரும் வழிகாட்டிகள் என்றால் வழி எது? 2013இல் தாமஸ் செக்கின் ஆய்வகத்தில் சென் டேவிடோவிச் அந்தக் கேள்வியைக் குழாயில் வைத்துப் பார்த்தார். தூய்மையாக்கிய பிஆர்சி2, மனிதனுக்குச் சம்பந்தமே இல்லாத பாக்டீரிய ஆர்என்ஏவையும் நன்றாகவே பிடித்தது. நீளம் கூடக் கூடப் பிடி இறுகியது. வரிசை அதற்கு அவ்வளவு முக்கியமாகத் தெரியவில்லை. 2015இல் எக்ஸிஸ்ட் ஆர்என்ஏவைப் பிடித்து அதோடு வரும் புரதங்களை எண்ணிய கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன. கதிரால் பிணைத்து, எல்லாம் குலையும் அளவுக்குக் கடுமையாகக் கழுவிய மிட்செல் கட்மனின் குழுவுக்கு 10 புரதங்கள் கிடைத்தன. ஃபார்மால்டிஹைடால் பிணைத்த சாங்கின் குழுவுக்கு 81 கிடைத்தன. லீயின் குழுவின் பட்டியலும் நீளமானது. ஒரே ஆர்என்ஏ, ஒரே ஆண்டு! ஆனாலும் ஸ்பென் என்ற புரதம் முன்னே வந்தது. கட்மனின் பத்தில் பிஆர்சி2 இல்லை. 2017இல் வந்த சோதனைகள், எக்ஸிஸ்ட் இருக்கும் இடத்துக்கு பிஆர்சி2 வருவது நேரடிப் பிடியால் அல்ல, வேறு புரதங்கள் போடும் பாதை வழியாக என்று காட்டின. ஹாட்ஏர் செய்யும் அணைப்பும் பிஆர்சி2 இல்லாமலே நடக்கிறது என்று அதே ஆண்டில் இன்னொரு குழு எழுதியது.

2024 ஏப்ரலில் கட்மனின் குழு, மார்கோ யோவனோவிச்சுடன் சேர்ந்து வெளியிட்ட கட்டுரை இந்த விவாதத்தைச் சூடாக்கியது. சோதனையின் வடிவத்தைப் பார்த்ததும் மிலியும் ஸ்டைட்ஸும்தான் நினைவுக்கு வந்தார்கள். மனித செல்களில் அடையாளக் குறி போட்ட புரதம், சுண்டெலிச் செல்களில் குறி இல்லை. இரண்டிலும் கதிர் பாய்ச்சி, ஒன்றாகக் கலந்து உடைத்து, குறியைப் பிடித்தார்கள். வரிசையைப் படித்தால் துண்டு மனிதனுடையதா எலியுடையதா என்று தெரிந்துவிடும். எலி ஆர்என்ஏ வந்தால் அது உள்ளே நடந்த சந்திப்பாக இருக்கவே முடியாது. வழக்கமான கிளிப் முறையில் பிஆர்சி2வோடு எலி ஆர்என்ஏவும் தாராளமாக வந்தது. பிறகு அவர்கள் கிளாப் என்ற புதிய வழியில் சென்றார்கள். புரதத்தை மணியோடு வேதிப் பிணைப்பால் பூட்டிவிட்டு, புரதங்கள் வடிவம் குலையும் நிலையில் கழுவினார்கள். பிஆர்சி2, அதைப் போலவே ஆர்என்ஏவைப் பிடிப்பதாகச் சொல்லப்பட்ட சிடிசிஎஃப், ஒய்ஒய்1 ஆகிய புரதங்களின் ஆர்என்ஏ காணாமல் போனது. ஸ்பென் போன்றவற்றின் ஆர்என்ஏ அப்படியே நின்றது.

வழக்கமான கிளிப்பில் ஜெல் இருக்கிறதே, அது இந்தக் குப்பையை வடிகட்டாதா என்று கேட்கலாம். முழுதாக வடிகட்டாது. எதிர்ப்பொருளோடு சேர்ந்து வரும் வேறொரு புரதம், தான் பிணைந்த ஆர்என்ஏவோடு ஜெல்லில் அதே உயரத்துக்கு ஓடினால், வெட்டும் துண்டில் அதுவும் இருக்கும். செல்லில் மிகுதியாக இருந்து ஆர்என்ஏவோடு நன்றாகப் பிணையும் புரதங்கள் எந்தச் சோதனையிலும் நுழைந்துவிடும். அவற்றின் நிழல்தான் பல பட்டியல்களில் பெயர் மாற்றி உலவியதோ என்பதே இப்போதைய கேள்வி.

விவாதம் முடிந்துவிடவில்லை, முடிந்தது என்று சொல்வது நியாயமும் அல்ல. செக், டேவிடோவிச், ரிச்சர்ட் ஜென்னர் மூவரும், பிஆர்சி2 ஆர்என்ஏவைப் பிடிக்கிறது என்ற தங்கள் தரப்பை அதே 2024இல் எழுதினார்கள். பிஆர்சி2 ஒரு மடிந்த ஆர்என்ஏவைப் பிடித்திருக்கும் வடிவத்தை 2023இல் செக்கின் ஆய்வகம் எலக்ட்ரான் நுண்நோக்கியில் படமாகவே காட்டியிருக்கிறது. பிடிக்கும் திறன் பொய்யில்லை. கதிரில் சரியாகப் பிணையாத புரதம், கடுமையான கழுவலில் வெறுங்கையாகத் தெரிவது இயல்பு என்ற வாதத்திலும் வலு உண்டு. இந்த முகாமின் இன்னொரு செயல் என்னைக் கவர்ந்தது. செல்லிலிருந்து ஆர்என்ஏவை அழித்தால் பிஆர்சி2 டிஎன்ஏவை விட்டு விலகுகிறது என்ற 2020இன் முக்கியமான சான்றை, டேவிடோவிச்சின் குழுவும் ஜென்னரின் குழுவும் 2024இல் தனித்தனியே மறுபடி சோதித்தன. ஆர்என்ஏ போனதும் குரோமேட்டின், அதாவது டிஎன்ஏவும் புரதங்களும் சேர்ந்த பொருள், திரண்டு படிந்து அளவீட்டையே ஏமாற்றுகிறது, அந்த விலகல் தோற்றம்தான் என்று எழுதின. ஆர்என்ஏ பிடிப்பை நம்புகிறவர்களே அதற்கு ஆதரவான ஒரு சான்றைக் கீழே இறக்கி வைத்தார்கள்.

இதெல்லாம் ஆய்வகத்துக்குள் நடக்கும் சண்டைதானே என்று விட்டுவிட முடியாது. முதுகுத்தண்டுத் தசைநார்ச் சிதைவு நோயை எடுத்துக்கொள்ளுங்கள். 16 கோடி ரூபாய் ஊசிக்காகப் பெற்றோர் நிதி திரட்டிய செய்திகள் வழியாக நம் ஊரில் பலருக்குத் தெரிந்த நோய் அது. அந்த மரபணு மருந்துக்கு முன்பே, 2016 டிசம்பரில், அமெரிக்காவில் நுசினெர்சென் என்ற மருந்துக்கு அனுமதி கிடைத்தது. எஸ்எம்என்2 என்ற மரபணுவின் நகலில் ஒரு குறிப்பிட்ட சிறு இடத்தில் எச்என்ஆர்என்பி ஏ1 என்ற புரதம் உட்கார்ந்து, அவசியமான ஒரு துண்டை விட்டுவிடச் செய்கிறது. 18 எழுத்து நீளமுள்ள மருந்து அந்த இடத்தை மூடிவிடுகிறது, புரதம் உட்கார இடமில்லை. 2006இல் ரவீந்திர சிங்கின் குழு அந்த அடக்கும் பகுதியைக் கண்டது, ஏட்ரியன் கிரெய்னரின் குழு அதை மருந்தாக வளர்த்தது. அந்த இடத்தை உறுதி செய்தது பிடிபட்ட பட்டியல் அல்ல. எழுத்துகளை மாற்றிப் பார்த்து, மூடிப் பார்த்து, விளைவு மாறுகிறதா என்று அளந்தார்கள். தவறான பட்டியலை நம்பித் தவறான இடத்தை மூடியிருந்தால், அந்தக் குழந்தைகளுக்கு எதுவும் நடந்திருக்காது.

செல்லை உடைத்த பின் புரதத்தைப் பிடிக்கும் கட்டத்தையே தவிர்க்கும் முறைகளும் வந்துவிட்டன. 2016இல் மைக்கேல் ரோஸ்பாஷின் ஆய்வகம், புரதத்தோடு ஆர்என்ஏ எழுத்தை மாற்றும் ஒரு நொதியை இணைத்து அனுப்பியது. புரதம் போன இடமெல்லாம், செல் உயிரோடு இருக்கும்போதே, எழுத்து மாறியிருக்கும். 2021இல் இயோவின் குழு வேறொரு நொதியை வைத்து இதைத் தனித்தனி செல்களிலேயே படிக்கும் அளவுக்குக் கொண்டுவந்தது. எதிர்ப்பொருள் வேண்டாம், மணி வேண்டாம். ஆனால் அந்த நொதி தனக்குப் பக்கத்தில் இருப்பதையெல்லாம் மாற்றும். செயற்கையாக மிகுதியாக உற்பத்தி செய்தால் போகாத இடத்துக்கும் போகும். ஆகவே ஒப்பீட்டுக்கு, புரதம் இல்லாமல் நொதியை மட்டும் அனுப்பிய செல்லும் பக்கத்தில் வேண்டும்.

எனக்கு அதிகக் கவலை தருவது வேறொன்று. ஈகிளிப் போன்ற பெரும் தரவுகளைக் கொண்டு, எந்தப் புரதம் எந்த ஆர்என்ஏவில் எங்கே உட்காரும் என்று கணிக்கும் ஆழ்கற்றல் மாதிரிகளைப் பயிற்றுவிக்கிறார்கள். குழாயில் ஒட்டிய குப்பைக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. செல்லில் மிகுதியானவை, நீளமானவை, யுரிடின் நிறைந்தவை அதில் அதிகம் இருக்கும். மாதிரி அந்த ஒழுங்கையும் நன்றாகக் கற்றுக்கொள்ளும், கணிப்பு தரவோடு பொருந்தியும் வரும். பிழை இரண்டு பக்கமும் இருப்பதால் பொருத்தம் எதையும் நிரூபிக்காது.

ரிப் பரவிய நாள்களில், ஒப்பீட்டுக்கு ஒரு கட்டுரையில் போலி எதிர்ப்பொருளை ஊற்றிய ஒரு குழாய் இருந்தாலே போதும் என்று எடுத்துக்கொண்டார்கள். இன்று நல்ல ஆய்வகங்களில் கதிர் பாய்ச்சாத செல், புரதமே இல்லாத செல், குறி இல்லாத வேறு உயிரினத்தின் செல் என்று ஒப்பீடுகள் வரிசையாக நிற்கின்றன. குறியையும் கிரிஸ்பர் மூலம் புரதத்தின் சொந்த மரபணுவிலேயே வைக்கிறார்கள், உற்பத்தி இயல்பான அளவில் இருக்கட்டும் என்று. பிஆர்சி2 வழக்கைத் தீர்க்கக்கூடிய சோதனையும் எல்லோருக்கும் தெரியும்: ஆர்என்ஏவைப் பிடிக்காத, மற்ற எல்லா வேலையும் செய்கிற ஒரு பிஆர்சி2வை உருவாக்கி, அதைச் சொந்தப் புரதத்துக்குப் பதிலாகச் செல்லில் வைக்க வேண்டும். ஆர்என்ஏ தொடும் பரப்பும் டிஎன்ஏ தொடும் பரப்பும் அந்தப் புரதத்தில் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றன. ஒன்றைக் கெடுக்காமல் மற்றதைக் கெடுப்பதுதான் இரண்டு தரப்புக்கும் முன்னால் இருக்கும் கடினமான வேலை.